நெவில் காரில் இன்னொரு கை

ஷெஃபீல்டு பக்கத்துக் கிரிம்லியின் மீன் கடை வரிசையில் நின்றால், பொரித்த மீன் கைக்கு வருவதற்குள் ஊரில் இரண்டு குடும்பமாவது பிரிந்துவிடும். போன வசந்தத்தில் அந்த வரிசையில் மீனைவிட அதிகம் விற்றது நெவில் கிராப்ட்ரீயின் கதை. அவன் பெண்டாட்டி லொரெய்ன், வேன் ஓட்டும் பாரி ஓக்லியோடு ஓடிப்போய்விட்டாளாம். அந்த ஆத்திரத்தில் நெவில், தன் வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் கட்டிய காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிவிட்டானாம். அதுவும் பத்தாமல் பானெட்டின் மேல் ஆசிட்டை ஊற்றினானாம்.

சாட்சி இல்லாமல் பேசுகிற ஊர் இல்லை இது. கடையில் உருளைக்கிழங்கு வறுக்கும் ஷீலாவுக்கு வீடு நெவிலுக்கு நேர் எதிரே.

"என் கண்ணால பாத்தேன் கண்ணு," என்று எண்ணெய்ச் சட்டியை விட்டு இரண்டடி முன்னால் வந்து சொல்வாள். "வாசல்ல நீலத் தார்ப்பாய்க்குக் கீழ கார் துண்டு துண்டாக் கெடக்கு. பானெட்ல பெயின்ட்டு தோல் உரிஞ்சு தொங்குது. அவ ஒரு பையத் தூக்கிட்டு பாரி வேன்ல ஏறிப் போனா. சிரிச்சுகிட்டே போனா. உப்பு போதுமா?"

அவள் பார்த்தது அத்தனையும் உண்மை. துண்டுகள் கிடந்தன, பெயின்ட் உரிந்திருந்தது, லொரெய்ன் வேனில் ஏறிப் போனாள், சிரித்துக்கொண்டும்தான் போனாள். ஷீலாவின் கண்ணில் கோளாறு இல்லை. கண்ணிலிருந்து வாய்க்கு வருகிற வழியில்தான் சரக்கு மாறிவிடுகிறது. நடந்ததை நடந்தபடி இங்கே சொல்லிவிடலாம். யாரைச் சந்தேகப்படுவது என்பதை அப்புறம் அவரவர் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

நெவில் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன். காலம் முழுக்க அடுத்தவன் வீட்டில் மீட்டர் இருக்கிற மாடிப்படிக்கு அடியில் புகுந்து டார்ச் அடித்துப் பார்த்தவன். மீட்டரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியவர்கள், கம்பெனி வைத்த சீலை உடைத்துப் பசை போட்டு ஒட்டியவர்கள், மீட்டருக்கே தெரியாமல் தனிக் குழாய் இழுத்தவர்கள் என்று அவன் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. வாசலிலேயே பல்லைக் காட்டி டீ கொடுக்கிற வீட்டில்தான் மீட்டர் பின்பக்கமாக ஓடும் என்பது அவன் அனுபவத்தில் கண்டது. அதனால் யார் டீ கொடுத்தாலும் அவனுக்கு முதலில் மாடிப்படிக்கு அடியில் பார்க்கத் தோன்றும். கல்யாணமான புதிதில் லொரெய்ன் கொடுத்த டீயையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான் என்று சொல்வார்கள். லொரெய்ன் அதை மறுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வேலையிலிருந்து நின்ற ஆண்கள் இரண்டு வகை. ஒரு வகை புறா வளர்க்கும். இன்னொரு வகை ஷெட்டில் கார் கட்டும். கார் கட்டுகிறவனுக்கு எலும்புக்கூடு மாதிரி ஒரு சேசிஸ் லாரியில் வரும், கூடவே பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் எங்காவது மோதி நசுங்கிய பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டியது. எல்லாம் கூடி வந்தால் கூரை இல்லாத, இரண்டு பேர் தோள் இடிக்க உட்காருகிற, மழை பெய்தால் தொட்டியாகிவிடுகிற ஒரு வண்டி கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஷெட்டில் இடம் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

நெவில் எஞ்சினுக்காகப் பழைய கார் வாங்கப் போனபோது விற்றவன், "ஒரு டீச்சரம்மா ஓட்டின வண்டி சார்" என்றான். நெவில் சீட்டில் மூக்கை வைத்து முகர்ந்தான்.

"டீச்சரம்மா சுருட்டு பிடிப்பாங்களோ?"

விற்றவன் விலையைக் குறைத்தான். குறைத்ததும் நெவிலுக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முழுசாக முடுக்கியானதும், போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று. கோடு ஒடிந்து விலகியிருந்தால் போல்ட் அசைந்துவிட்டது. நெவிலின் கோடு மஞ்சள்.

கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிளப்பும் இருக்கிறது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை 'வாத்தும் வாளியும்' என்கிற பப்பின் பின்னறையில் கூடுவார்கள். தலைவர் கெல்வின். பாருக்கு மேலே ஒரு பித்தளை ஸ்பேனர் தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை, அடுத்தவன் உதவியில்லாமல் தனியாகக் கார் கட்டியவனுக்கு அதை இறக்கிக் கொடுப்பார்கள். இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முன்பு அது பாரி ஓக்லிக்குக் கிடைத்தது. கிடைத்த மாதமே நெவில் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"பாரி, உன் வண்டி டான்காஸ்டர் ரோட்ல ஒரு வொர்க்ஷாப் டிரெய்லர்லேர்ந்து எறங்கிச்சே, அது எதுக்கு?"

பாரி பீர் கிளாஸைப் பார்த்தான். "ஒரு வேல இருந்துச்சு."

"என்ன வேல?"

"ஒரு வேல."

அவ்வளவுதான் அவன் சொன்னது. காசு கொடுத்துக் கடையில் கட்டிய வண்டி என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். கெல்வின் ஸ்பேனரைத் திரும்ப வாங்கி மேலே மாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். நெவில் ஒரு சட்டமும் கொண்டுவந்தான். இனிமேல் ஜெயிக்கிறவன் ஸ்பேனரைக் கையில் பிடித்து, எல்லார் முன்னாலும், 'இந்த வண்டியில் என் கையைத் தவிர வேறு கை படவில்லை' என்று சத்தியம் சொல்ல வேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள். பாரி அப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை.

போன வசந்தத்தில், மே மாதக் கூட்டத்தில் நெவிலின் முறை. அந்தச் சத்தியத்தைத் தன் வாயால் சொல்வதற்காகவே அவன் கார் கட்டினான் என்றாலும் தப்பில்லை. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் அவனைப் புறவாசல் வழியாகத்தான் விட்டார்கள். ஒரு தடவையாவது அறை நடுவில் நின்று, ஒருத்தரும் மறுக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு.

கார் கட்டுகிற எல்லாரும் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்க வேண்டும், உள்ளே காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"லொரெய்ன்," என்று ஷெட்டிலிருந்து குரல் வரும்.

லொரெய்ன் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, வீட்டுச் செருப்போடு வந்து, கதவில்லாத காருக்குள் கால் தூக்கி இறங்கி உட்காருவாள்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"பிடி, பிடி. இப்ப விடு. மெதுவா விடுன்னு சொன்னேன்."

"மெதுவாத்தான் விட்டேன். நீ மெதுவாச் சொல்லல."

"அமுக்கு."

இப்படி மத்தியானம் முழுக்க ஓடும். முடிந்ததும் நெவில், "சரி, நீ போலாம்" என்பான். மீட்டர் பார்த்து முடித்து வெளியே வருகிற அதே குரலில்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தவன் அப்படியே நின்றான். அங்கே ஒரு போல்ட்டில் மஞ்சள் கோடு. அந்த போல்ட்டை அவன் வேண்டுமென்றே தளர்வாக விட்டிருந்தான். உள்ளே ரப்பர் இருக்கிறது. வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் அதை முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். கிண்ணென்று முடுக்கியிருந்தது.

திருடன் வந்தால் எதையாவது எடுத்துப் போவான். வேண்டாதவன் வந்தால் எதையாவது கழற்றிப் போடுவான். வந்து நன்றாக முடுக்கிவிட்டு, கோடும் இழுத்துவிட்டுப் போகிறவன் யார்? நெவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க பாரியின் முகம்தான் வந்தது. சத்தியம் சொல்லி முடித்ததும் கதவருகிலிருந்து பாரி எழுந்து, 'பின்பக்கத்து போல்ட் ஒண்ணு என்னுது' என்று சொல்வான். அதற்குத்தான் இது.

அன்றைக்கே ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. கதவுக்குக் குறுக்கே கறுப்பு நூல் கட்டினான். வாசலில் டால்கம் பவுடர் தூவினான், காலடி பதியட்டும் என்று. மறுநாள் பவுடரைக் காணோம்.

"ஷெட்டு வாசல்ல பவுடர் கொட்டிக் கெடந்துச்சு, பெருக்கிட்டேன்," என்றாள் லொரெய்ன். "நீ எப்பலேர்ந்து பவுடர் போட ஆரம்பிச்ச?"

"கொட்டிருச்சு."

"வாசனையா இருக்கு. போட்டுக்கோ."

அப்புறம் மஞ்சள் பேனாவை எடுத்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மேசையில் ஒரு பச்சைப் பேனாவைப் போட்டுவைத்தான். அந்த வாரத்துக்குள் ஸ்டியரிங் கம்பிக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு வந்துவிட்டது. பூட்டு உடையவில்லை. சாவி சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. அப்படியானால் சாவியை எடுத்துக் கொடுக்கிற ஆள் வீட்டுக்குள் இருக்கிறது.

"பாரிய இந்தப் பக்கம் பாத்தியா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டான், உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு.

"போன மாசம் சூப்பர்மார்க்கெட்ல பாத்தேன். ஒருத்தர் சாப்பிடற டப்பா சாப்பாடு ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு நின்னான். பாவம்."

"இதுல என்ன பாவம்?"

"அந்த டப்பாவோட சைசப் பாத்தா தெரியும் நெவ்."

'பாவம்' என்பதைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துச் சொன்னதாக அவனுக்குப் பட்டது. ராத்திரி சாவியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கலாமா என்று யோசித்தான். வைத்தால் சந்தேகப்படுகிறான் என்று தெரிந்துவிடும். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி.

டயர் பார்க்க ஷெஃபீல்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் கிளம்பினான். பஸ் ஸ்டாப் வரை போய், பின் சந்து வழியாகத் திரும்பி வந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். காருக்கு அடியிலிருந்து இரண்டு வீட்டுச் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. நெவில் இன்னொரு ஜோடி காலைத் தேடினான். இல்லை. குனிந்து அந்தப் பக்கமும் தேடினான்.

"பாரி எங்க?"

அடியிலிருந்து குரல் வந்தது. "எந்த பாரி?"

"வெளிய வரச் சொல்லு."

"இங்க ஒருத்தர் படுக்கவே எடம் பத்தல."

லொரெய்ன் நெளிந்து நெளிந்து வெளியே வந்தாள். கையில் அவனுடைய நல்ல ஸ்பேனர், அளவு வந்ததும் கிளிக்கென்று சத்தம் போடுமே, அது. வாயில் பச்சைப் பேனா.

"நீயா?"

பேனாவை எடுத்தாள். "நாந்தான்."

"எத்தன நாளா?"

"நீ மொதல்ல பெடல் மிதிக்கக் கூப்பிட்டதுலேர்ந்து. சும்மாத்தான உக்காந்திருந்தேன், சுத்திமுத்திப் பாத்தேன். அங்கங்க கோடு இல்ல. தெருவுல ஒரு வேன் போனா நீ ஸ்பேனரப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடற, பாரியான்னு பாக்க. திரும்பி வந்து அடுத்த போல்ட்ட ஆரம்பிக்கற. நடுவுல விட்டதெல்லாம் நான் முடுக்கினேன். திரைச்சீலைல ஒரு தையல் விட்டுப்போனா ஓரம் தொங்கும். இதுல நான்ல ரோட்ல விழுவேன், பக்கத்து சீட்ல உக்காந்து."

"பின்சக்கரத்துல ஒண்ணு முடுக்கியிருக்க. அத இப்ப முடுக்கக் கூடாது. வண்டி தரைல நின்னப்புறம்தான் முடுக்கணும்."

"அது எனக்குத் தெரியாது. அது என் தப்பு. மத்ததெல்லாம்?"

'மத்ததெல்லாம்' என்ற வார்த்தை நெவில் காதிலேயே நின்றது. "மத்தது எது எது?"

"எதுக்குக் கேக்கற?"

"நான் கழட்டி நானே திரும்ப முடுக்கணும். சத்தியம் பண்ணணும்ல."

லொரெய்ன் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஸ்பேனரை அதன் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினாள்.

"கண்டுபிடி," என்றாள். "ஊர்ல எவன் மீட்டர் சீல உடைச்சாலும் கண்டுபிடிச்சவன்ல நீ. கண்டுபிடி."

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொரு மஞ்சள் கோடாகப் பார்த்தான். ஆரம்பத்தில் சுலபமாகத் தெரிந்தது. நேர்த்தியாக இருப்பது தன்னுடையது, கோணலாக இருப்பது அவளுடையது. அப்புறம், தான் முடுக்கியது என்று நிச்சயமாகத் தெரிந்த எஞ்சின் போல்ட்டில் ஒரு கோணல் கோட்டைப் பார்த்தான். அதற்குப் பிறகு எல்லாக் கோடும் ஒரே கையால் போட்டது போலவும் தெரிந்தது, எதுவுமே தன்னுடையது இல்லை போலவும் தெரிந்தது. சொந்தக் கையெழுத்தையே சந்தேகப்படுகிற நிலைமை வந்ததும் வழி ஒன்றுதான் இருந்தது. முழுக் காரையும் கழற்ற ஆரம்பித்தான்.

மே கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. கழற்றிய சாமான் ஷெட்டுக்குள் கொள்ளாமல் வாசலுக்கு வந்தது, மேலே நீலத் தார்ப்பாய் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஷீலாவின் தலை தெரிந்தது. பாதி வண்டியைத் திரும்பப் பூட்டியும்விட்டான். பிரேக் குழாயை மாட்டி ஆயில் ஊற்றினான். குழாய் பூராவும் ஏர். அதை எடுக்காமல் வண்டி நிற்காது.

வீட்டுக்குள் போனான். லொரெய்ன் யாருடைய படுக்கையறைக்கோ ஊதா நிறத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்.

"லொரெய்ன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு பத்து நிமிஷம்."

"என் கை படக் கூடாத வண்டில என் கால் மட்டும் எதுக்கு?"

"காலு வேற, கை வேற."

"அப்ப உன் கைய வச்சே பெடல மிதி."

நெவில் தனி ஆளாக ஏர் எடுக்கிற ஒரு கருவியை வாங்கி வந்தான். ஸ்பேர் டயரில் இருக்கிற காற்றை ஒரு பாட்டில் வழியாக விட்டு ஆயிலைத் தள்ளுகிற சாமான். மூடி சரியாக உட்காரவில்லை. அவன் சக்கரத்தடியில் படுத்திருக்கும்போது புஸ்ஸென்று சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்திருந்த பானெட் முழுக்க பிரேக் ஆயில். பச்சைப் பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்திருந்த பானெட். பதற்றத்தில் துணியால் தேய்த்தான். அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்னும், தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். தேய்த்த இடமெல்லாம் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. அந்தப் பானெட்டும் வாசலுக்குப் போயிற்று.

கூட்டத்துக்கு அவன் பஸ்ஸில் போனான்.

"வண்டி எங்கய்யா?" என்றார் கெல்வின்.

"வீட்ல."

"ஓடுதா?"

"ஓடும். நிக்காது."

சிரித்து முடித்துவிட்டு, ஸ்பேனர், கார் கட்டின கைக்குத்தான், ஓடுகிற வண்டிக்கு இல்லை, இங்கே பாதிப் பேர் வண்டி எந்தக் காலத்தில் ஓடியது என்று சொல்லி கெல்வின் அதை இறக்கி நெவில் கையில் கொடுத்தார். அப்போதுதான் நெவில் பார்த்தான். கதவருகில் பாரி உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் வராதவன் இன்றைக்கு எதற்கு வந்தான்? லொரெய்ன் ஏதாவது சொல்லியிருப்பாளோ? பாரி சும்மா பீர் குடித்துக்கொண்டிருந்தான். சும்மா குடிக்கிற மாதிரி நடிக்கிறானோ?

நெவில் வாயைத் திறந்தான். 'இந்த வண்டியில் என் கையை' என்பது வரை வந்தது. சீல் உடைந்த மீட்டருக்கு முன்னால் நின்று, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. அந்த வேலையை அவன் செய்ததே இல்லை.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன்," என்றான். "உங்க வண்டிக்கெல்லாம் ஏர் எடுக்கறப்ப பெடல் மிதிச்சது யாரு?"

ஆளாளுக்கு பீர் கிளாஸை எடுத்தார்கள்.

"சும்மா சொல்லுங்க. கெல்வின், நீங்க?"

"என் சம்சாரம்," என்றார் கெல்வின், மூக்கைச் சொறிந்துகொண்டு. "அது ஒரு உதவியா என்ன? கால வைக்கறது."

"எனக்கு மாமியாரு," என்று இன்னொருவர் சொன்னார். "அவங்க மிதிச்ச மிதில பெடலே வளைஞ்சு போச்சு. யாரை நெனச்சு மிதிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குப் பொண்ணு. ஃபோனப் பாத்துகிட்டே மிதிச்சா, அதான் இன்னிக்கும் பிரேக் கொஞ்சம் லூசு."

ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். நெவில் கதவுப் பக்கம் திரும்பினான்.

"பாரி, உனக்கு யாரு?"

பாரி கிளாஸைக் கீழே வைத்தான். "யாருமில்ல. அந்த வருஷந்தான் என் பொண்டாட்டி டெப்பி என்ன விட்டுட்டுப் போயிட்டா. தெருவுல போய் ஒவ்வொரு வீடாக் கதவத் தட்டி, வந்து என் பெடல மிதிங்கன்னு கேக்க முடியுமா? வொர்க்ஷாப்ல குடுத்தேன், பிரேக்குக்கு மட்டும். டிரெய்லர்ல போச்சு, டிரெய்லர்ல வந்துச்சு."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ என்ன வேலைன்னு கேட்ட. வீட்ல யாரு இருக்கான்னு கேக்கல."

நெவில் சத்தியம் சொல்லாமலே ஸ்பேனரை மேசைமேல் வைத்தான். "என் வண்டில மிதிச்சது லொரெய்ன்," என்றான். போல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அது போகட்டும், கையை மட்டும் எப்படியாவது கழற்றி எடுத்துவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

பாரிதான் அவனை வேனில் கொண்டுவந்து விட்டான். லொரெய்ன் வாசலில் நின்றிருந்தாள்.

"உன் புருஷன் ஒத்துக்கிட்டான், எல்லார் முன்னாடியும்," என்றான் பாரி. "பெடல் மிதிச்சது நீதான்னு."

"பெடல் மட்டுமா?"

"பெடல்தான் சொன்னான்."

"ம்," என்றாள் லொரெய்ன். நெவில் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான், அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரத்திலேயே பாரியின் வேன் வாசலில் வந்து நின்றது. லொரெய்ன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"எங்க போற?"

"பாரி வீட்டுக்கு."

"எதுக்கு?"

"ஒரு வேல இருக்கு."

பை கனமாக இருந்தது, ஏதோ இரும்பு இடிபடுகிற சத்தம் வந்தது. வேனுக்குள் பாரி ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். ஷீலா பார்த்தது இதைத்தான். அன்று சாயங்காலமே மீன் கடைப் பேச்சில் இருவரும் ஸ்பெயின் வரை போய்விட்டார்கள். லொரெய்ன் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் வேன் வந்தது. வாரம் தவறாமல் நெவில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருந்து அது போகிற திசையைப் பார்த்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனால் முடியவில்லை. பஸ் பிடித்துப் போய், பாரியின் ஷெட்டுக்குப் பின்பக்கம் வேலி ஓரமாக வந்து நின்றான். உள்ளே பேச்சுக் கேட்டது.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"பிடி. இப்ப விடு. மெதுவா விடு பாரி, தீப்பிடிச்ச மாதிரி காலத் தூக்காத."

"நீ பேசறத பாத்தா டெப்பியே பரவால்ல."

"அமுக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தான். பாரி யாரோ பாதியில் விட்ட ஒரு சேசிஸை வாங்கிப் போட்டிருக்கிறான். வண்டியில் சீட் இல்லை, ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது லொரெய்ன். பக்கத்தில் அவளுடைய பை. அதில் சொந்தமாக வாங்கிய ஸ்பேனர்கள். சேசிஸில் வரிசையாகக் கோடுகள், பாதி வெள்ளை, பாதி ஊதா.

"இது யாரு முடுக்கினது, நீயா நானா?" என்று பாரி கேட்டான்.

"ஊதா நானு. வெள்ள நீ. கண்ணு தெரியலயா?"

"ஊதா எல்லாம் நல்லா இருக்கு."

"தெரியும்."

நெவில் தப்பு எங்கே என்று தேடினான். தேடிப் பழகின கண், மூலை முடுக்கு பார்த்தது, இருவர் முகத்தையும் பார்த்தது, ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவில் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வீட்டில் மீட்டர் சரியாக ஓடினால் முன்பெல்லாம் ஒரு எரிச்சல் வரும், அது வந்தது. அது போன பிறகு இன்னொன்று வந்தது. இந்த ஊதா அவனுடைய ஷெட்டில் கிடையாது. அங்கே அவள் தன் வேலையின் மேல் அவன் நிறத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பச்சைப் பேனா கூட அவன் பொறி வைக்கப் போட்டது. உள்ளே போகலாமா என்று நினைத்தான். போகவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

கிரிம்லியில் இறங்கியபோது மீன் கடை வரிசை தெரு வரைக்கும் நின்றது. அவனைப் பார்த்ததும் முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், சாவு வீட்டுக்காரனுக்கு விடுகிற மாதிரி.

"வா கண்ணு," என்றாள் ஷீலா, குரலைத் தாழ்த்தி. அந்தக் குரலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "உனக்கு இன்னிக்கு மீன் என் செலவு. ஒத்த ஆளுக்கு எவ்ளோ வேணும், சின்னதாப் போடட்டுமா?"

"ரெண்டு போடு. பெருசு."

"ரெண்டா?"

"ரெண்டு."

ஷீலா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "மனச விட்றாத கண்ணு. அந்த மாதிரிப் பொம்பளைக்காக ஆசையாக் கட்டின கார உடைச்சிட்டியே."

நெவில் திரும்பி வரிசையைப் பார்த்தான், அப்புறம் ஷீலாவைப் பார்த்தான்.

"அவ ஓடிப்போகல. பாரி ஷெட்ல பிரேக்குக்கு ஏர் எடுத்துட்டிருக்கா, கொஞ்ச நேரத்துல வந்துருவா, வந்தா பசிக்கும். அது ஆசிட் இல்ல, பிரேக் ஆயில், கொட்டினது நான்தான், வேணும்னு கொட்டல. கார உடைக்கவும் இல்ல, கழட்டினேன். ஏன்னா அதுல பாதி போல்ட் அவ முடுக்கினது, எந்தப் பாதின்னு எனக்குத் தெரியல. நான் ஒத்த ஆளா கட்டினேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்ல, இந்தக் கதைல பொய் அது ஒண்ணுதான்."